எல்.பி. உறையைச் சுவரில் ஏற்றுவது: புதிதாக இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கு

வரவேற்பறைச் சுவரில் ஒன்பது எல்.பி. (12 அங்குலப் பெரிய இசைத்தட்டு) உறைகள் மாட்டியிருக்கின்றன. ஒன்பதும் பேர்போன படங்கள் என்றால், வீட்டுக்காரரிடம் பணம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஒன்பதிலும் படத்தின் பெயரைத் தூரிகையால் வளைத்து வளைத்து எழுதியிருக்கிறார்கள் என்றால், அவர் பாட்டைக் கேட்பதோடு எழுத்தையும் பார்க்கிறவர். ஒன்பதிலும் ஒரே ஊர் மைக்செட் கடையின் ரப்பர் முத்திரை இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேச இன்னும் நிறைய இருக்கிறது. தட்டு சேர்ப்பதில் ஆளின் முகம் தெரிவது இப்படித்தான்: எத்தனை வைத்திருக்கிறார் என்பதில் இல்லை, எதைத் தள்ளிவிட்டு எதை எடுத்தார் என்பதில்.

இங்கே பேசுவது தமிழ்த் தட்டுகளைப் பற்றி. முறைகள் எந்த மொழித் தட்டுக்கும் பொருந்தும்.

முதலில் ஓர் இழை

பழைய கடைக்குள் முதல்முறை நுழைகிறவர் எல்லாரும் செய்யும் தவறு, கட்டாக அள்ளுவது. ஐம்பது தட்டு மொத்தமாக மலிவு என்று தூக்கி வந்தால் நாற்பது உங்களுக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கும். இடம் போகும், பிறகு ஆசையும் போகும். அதற்கு முன்னால் ஓர் இழையைப் பிடியுங்கள். முதல் பத்துத் தட்டுகளை அந்த இழைக்குள்ளேயே வாங்குங்கள்.

இசையமைப்பாளரை இழையாகக் கொள்வது எளிது. கே.வி. மகாதேவன், எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா என்று யாரை எடுத்தாலும் கிடைப்பதற்குப் பஞ்சமில்லை. உறைகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள்: நடிகர், நடிகை முகம் மட்டுமே இருந்த முன்பக்கத்தில் இசையமைத்தவரின் பெயர் எப்போது பெரிதாகிறது, அவர் படமே எப்போது ஏறுகிறது என்பது தெரியும். 1976இல் இளையராஜா வந்த பிறகு இந்த மாற்றத்தைப் பின்தொடர்வது நல்ல வேலை. 80களின் எக்கோ நிறுவனத் தட்டுகளை மட்டும் தேடுகிறவர்களும் உண்டு.

எழுத்தை இழையாகக் கொள்வது எங்களுக்கு மிகப் பிடித்தது. கணினி எழுத்துரு வருவதற்கு முன் ஒவ்வொரு படத் தலைப்பும் கையால் வரைந்தது. பேய்ப்படம் என்றால் எழுத்தில் ரத்தம் வழியும், காதல் படம் என்றால் கொம்பும் சுழியும் கொடியாகப் படரும். படம் ஓடாமல் போயிருக்கலாம், பாட்டை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அந்தத் தலைப்பு எழுத்து சுவரில் நிற்கும். இப்படிப்பட்ட தட்டுக்குப் போட்டியும் குறைவு, விலையும் குறைவு.

சினிமாவை விட்டு வெளியே வந்தால் இன்னும் விரியும். நாகூர் ஹனீபாவின் பாடல்கள், நாகஸ்வரத் தட்டுகள், கிறிஸ்தவப் பாடல்கள், ஏ.ஈ. மனோகரன் காலத்து இலங்கைப் பொப் பாடல்கள், படத்தின் வசனத்தையே ஒலிச்சித்திரமாக வெளியிட்ட எல்.பி.கள் என்று ஒவ்வொன்றும் தனி உலகம். கர்நாடக இசை உறைகளில் தம்பூராவோடு அமர்ந்திருக்கும் பாடகர். பின்பக்கத்தில் ராகக் குறிப்போடு நீண்ட ஆங்கிலக் கட்டுரை. அந்தக் கட்டுரைக்காகவே வாங்கலாம்.

பிறந்த ஆண்டுத் தட்டைத் தேடுவது பலருக்கு ஆசை. 90களின் தொடக்கத்தில் இங்கே தட்டு அச்சிடுவது நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் கேசட் உறைக்குத்தான் போக வேண்டும். அளவு சின்னது, ஆனால் வரிசையாக மாட்டினால் அதற்கும் ஓர் அழகு உண்டு.

தட்டின் அளவும் வேகமும்

மூன்று வகை உங்கள் கையில் வரும். 10 அங்குல 78 (வேகம், நிமிடத்துக்கு 78 சுற்று): அரக்கில் செய்தது, கீழே போட்டால் உடையும். 7 அங்குல ஈ.பி.: பெரும்பாலும் 45 வேகம், பக்கத்துக்கு இரண்டு பாட்டு. 12 அங்குல எல்.பி.: 33⅓ வேகம். எல்.பி.யை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்தியது. உறையில் படம் போடும் வழக்கம் அதற்கும் முந்தையது. அதே நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற வடிவமைப்பாளர் 1940இல் தொடங்கி வைத்தார். அதுவரை 78 தட்டுகளைப் பழுப்புக் காகித உறைகளில் போட்டுப் புத்தகம்போல் தைத்து விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான்.

இந்தியத் தட்டுகளில் அளவை வைத்து வேகத்தை ஊகிக்கக் கூடாது. 12 அங்குலத்தில் 45 வேகத் தட்டும் உண்டு, 7 அங்குலத்தில் 33⅓ உண்டு. பாடகர் இழுத்து இழுத்து முனகினாலோ கிளிபோல் கத்தினாலோ தட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாமல் நடுவட்ட லேபிளைப் படியுங்கள்.

லேபிளில் ஒரு பதிவு எண் இருக்கும். எச்.எம்.வி. (நாய்ச் சின்ன நிறுவனம்) எல்.பி.களில் இசிஎல்பி என்று தொடங்கினால் மோனோ, இசிஎஸ்டி என்றால் ஸ்டீரியோ. இதே எண் உறையிலும் இருக்க வேண்டும். உறை ஒன்று, உள்ளே தட்டு வேறொன்று என்பது நம் ஊர்ப் பழைய சரக்கில் அன்றாடம் காண்பது. பணத்தை நீட்டுமுன் இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சுவருக்கு மட்டும்தான் என்றால் காலி உறையைத் தனியாகக் கேளுங்கள். உடைந்த தட்டின் உறையைக் கடைக்காரர்கள் மிகக் குறைந்த விலைக்குத் தருவார்கள்.

கடையில் நிற்கும்போது

சென்னையில் பழைய தட்டுக்கு ஒருகாலத்தில் மூர் மார்க்கெட்தான். 1985இல் அது எரிந்த பிறகு வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள், கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெரு, மும்பையின் சோர் பஜார் எல்லாம் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள். எங்கு போனாலும் பளபளக்கும் பித்தளைப் புனல் வைத்த கிராமஃபோனை முதல் நாளே வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பகுதி பழைய மோட்டாரோடு புதுப் பெட்டியையும் புதுப் புனலையும் ஒட்டுப்போட்டுச் செய்தவை. நாய்ச் சின்னத் தகடும் புதிதாக அடித்ததே.

தட்டைப் பார்க்கும் முறை இது. விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைக் கீறல்கள் பரவாயில்லை. நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது இடறுகிற கீறல் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று கேட்கும், இல்லையென்றால் முள் தாவும். கீறலே இல்லாமல் தட்டு சாம்பல் பூத்ததுபோல் மங்கலாக இருந்தால் அது இன்னும் மோசம்: கனமான பிக்கப் (முள்ளைத் தாங்கும் தலை) வைத்துப் பல நூறு முறை ஓட்டிக் காடி (முள் ஓடும் பள்ளம்) தேய்ந்துவிட்டது என்று பொருள். எத்தனை கழுவினாலும் அது திரும்பாது. நடுத்துளையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் கோடுகள் இருந்தால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது. கடைசியாகக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் குழாய் ஸ்பீக்கரில் ஓடிய மைக்செட் தட்டுகளில் இந்தத் தேய்மானம் கட்டாயம் இருக்கும். கேட்க உதவாது. ஆனால் உறையில் 'சவுண்ட் சர்வீஸ்' முத்திரை, வரிசை எண், மூலையில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய ஊர்ப் பெயர் எல்லாம் இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இதைக் குறையென்று விலை குறைப்பார். அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். அந்தத் தட்டு எந்த ஊரில் யாருடைய கல்யாணத்துக்குப் பாடியது என்பதற்கு உறையில் வேறு சான்று இல்லை. அதை அழிக்காதீர்கள்.

இணையத்தில் வாங்கினால் தரத்தை இரண்டாகக் கேளுங்கள்: தட்டு தனி, உறை தனி. விஜி பிளஸ், விஜி என்று எழுதியிருந்தால் முதலாவது தட்டுக்கு, இரண்டாவது உறைக்கு. விஜி என்பது 'வெரி குட்' என்பதன் சுருக்கம்தான். ஆனால் நடைமுறையில் சத்தம் வரும், கேட்கலாம் என்ற அளவே. வெறும் ஜி என்றால் உறைக்காக மட்டும் வாங்குங்கள். அனுப்பும்போது தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து உறைக்குப் பின்னால் தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் விழும் ஒவ்வோர் அடியிலும் தட்டின் விளிம்பு உறையின் மடிப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

தட்டைக் கழுவுதல்

வினைல் தட்டுக்கு (எல்.பி., ஈ.பி.) ஒரு லிட்டர் கலவை: காய்ச்சி வடித்த நீர் 800 மி.லி., ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் கூடாது. காய்ந்ததும் உப்பு காடிக்குள் தங்கி முள்ளில் நறநறக்கும். கைக்குத் தடவும் சானிடைசரும் கூடாது. அதில் கிளிசரின் இருக்கிறது.

தடித்த துண்டை விரித்துத் தட்டை வையுங்கள். முதலில் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை எடுங்கள். ஈரத்தோடு தூசியைத் தேய்த்தால் அது சேறாகிக் காடிக்குள் இறங்கும். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, காடி ஓடும் திசையிலேயே வட்டமாக மூன்று சுற்று. குறுக்கே தேய்க்க வேண்டாம். லேபிளில் ஈரம் படக் கூடாது, மை கரையும். அடுத்து வெறும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த வேறு துணியால் இரண்டு சுற்று. சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, மின்விசிறி இல்லாத நிழலில் அரைமணிக்குக் குறையாமல் உலரவிடுங்கள். பிறகு புது உள் உறை. பழைய உள் உறைக்கே திரும்பினால் கழுவியது வீண்.

78 தட்டுக்கு இந்தக் கலவையைக் கொண்டுபோகாதீர்கள். ஆல்கஹாலில் அரக்கு கரையும். ஒரே துடைப்பில் தட்டு போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் பிழிந்த துணியால் விரைவாகத் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை இருந்தால் மொட்டைமாடியில் வைத்து, முகக்கவசம் போட்டுத் துடையுங்கள். மற்றத் தட்டுகளோடு அதை உடனே சேர்க்க வேண்டாம்.

உறையைச் சீர்செய்தல்

இங்கேதான் நல்ல மனிதர்கள் கைவைத்துக் கெடுப்பது அதிகம். முதலில் உறை எந்த வகை என்று பாருங்கள். மேலே பளபளப்பான லேமினேஷன் இருந்தால் சற்றே ஈரமான துணியால் துடைக்கலாம். வெறும் காகிதமாக இருந்தால் தண்ணீர் காட்டவே கூடாது. மெல்லிய தூரிகை, அதற்குமேல் வெள்ளை ரப்பர், அவ்வளவுதான். எதுவாக இருந்தாலும் பின்பக்க மூலையில் விரல்நகம் அளவுக்கு முதலில் செய்து பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

விலை ஸ்டிக்கரை உரிக்க, முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் அரை அடி தள்ளிப் பிடித்து இருபது விநாடி. ஓர் ஓரம் எழும்பியதும் உறையோடு ஒட்டினாற்போல், படுக்கைவாட்டில் மெதுவாக இழுங்கள். நேராக மேலே தூக்கினால் அச்சும் சேர்ந்து வரும். இதைச் செய்யும்போது தட்டு உறைக்குள் இருக்கக் கூடாது. சூட்டில் வினைல் வளையும்.

மடிப்பு கிழிந்திருந்தால் செலோடேப் போடாதீர்கள். சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் உதிர்ந்து, பசை மட்டும் பழுப்பாகக் காகிதத்துக்குள் ஊறியிருக்கும். அந்தக் கறை போகாது. மைதாப் பசையும் வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. மெத்தில் செல்லுலோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கெட்டியான பசையாக்கி, இரண்டு செ.மீ. அகலத்தில் கிழித்த மெல்லிய அமிலமற்ற காகிதத்தில் தடவி, மடிப்பின் உட்புறமாக ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் நார் பரவி நன்றாகப் பிடிக்கும். உள்ளே பட்டர் பேப்பர் ஒன்றை நுழைத்துவிட்டு, மேலே கனமான புத்தகங்களை ஓர் இரவு வையுங்கள். பட்டர் பேப்பரை மறந்தால் உறையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நிறம் போன இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தீட்டுவதைப் பற்றிக் கேட்பார்கள். செய்யாதீர்கள். தட்டின் வட்டம் உறையில் பதிந்து வெளுத்திருப்பது அது வாழ்ந்த வயது.

சுவர்

எல்.பி. உறை ஏறத்தாழ 31.5 செ.மீ. சதுரம். சட்டத்தின் உள்ளளவு 32 செ.மீ. இருக்கட்டும். ஃபிரேம் கடையில் சொல்ல வேண்டியவை: கண்ணாடிக்கும் உறைக்கும் நடுவே மூன்று முதல் ஐந்து மி.மீ. இடைவெளிக் கட்டை; பின்னால் ஹார்ட்போர்டு நேராகப் படாமல் அமிலமற்ற அட்டை; ஒட்டுவதற்குப் பசையோ இருபக்க டேப்போ இல்லாமல் நான்கு மூலைகளில் புகைப்பட மூலைகள் (ஆல்பத்தில் படத்தின் மூலையைச் செருகும் சின்னக் காகித முக்கோணங்கள்). இடைவெளி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் லேமினேஷன் கண்ணாடியோடு ஒட்டும். பிரிக்கும்போது கதாநாயகியின் முகம் பாதி கண்ணாடியில் இருக்கும்.

தட்டை எடுத்துவிட்டு உறையை மட்டும் சட்டமிடுங்கள். தட்டை வெற்று வெள்ளை உறையில் போட்டு எண் எழுதி அலமாரியில் வையுங்கள்.

ஒன்பது உறைகளை மூன்றுக்கு மூன்றாக மாட்டக் கணக்கு: சட்டத்தின் வெளியளவு 34 செ.மீ., இடைவெளி 5 செ.மீ. என்றால் மொத்தம் 112 செ.மீ. சதுரம். நடுச்சட்டத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். ஆணி அடிக்குமுன் 34 செ.மீ. சதுரத்தில் ஒன்பது செய்தித்தாள் துண்டுகளை வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். வரிசையை எதை வைத்து அமைப்பது என்பது அப்போது தானாகத் தெரியும். சிவப்பு அதிகமுள்ள மூன்றை ஒரே வரிசையில் வைத்தால் மற்ற ஆறும் மங்கிப்போகும். அவற்றை மூலைவிட்டமாகப் பரப்புங்கள். எழுத்தே உங்கள் இழை என்றால் ஒன்றிரண்டு பின்பக்கங்களையும் மாட்டலாம். திரையரங்க வாசலில் விற்ற பழைய பாட்டுப் புத்தகம் கையில் இருந்தால் அதே படத்தின் உறைக்குப் பக்கத்தில் சின்னச் சட்டத்தில் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே தலைப்பெழுத்து இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று பார்ப்பது சுவையானது.

மேற்கு வெயில் படும் சுவர் வேண்டாம். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, எல்லா முகங்களிலும் நீலம் பாய்ந்துவிடும். மழைக்கு ஓதம் ஏறும் சுவரும், குளியலறைக்கு அடுத்த சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ்களை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறைகளை மாற்றுங்கள்.

அரிய உறை என்றால் அசலை உள்ளே வைத்து நகலை மாட்டுவது நல்லது. ஏ4 ஸ்கேனரில் உறை அடங்காது. நான்கு துண்டாக எடுத்துச் சேர்க்க வேண்டும், அல்லது ஏ3 ஸ்கேனர் உள்ள கடையில் இரண்டு துண்டாக எடுக்க வேண்டும். பழைய அச்சின் புள்ளிகள் ஸ்கேனில் அலையலையாகத் தெரியும். ஸ்கேனரில் அதை நீக்கும் அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். உங்கள் சுவருக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அச்சடித்து விற்றால் உரிமைச் சிக்கல்.

எதில் கேட்பது

சுருக்கமாக: சூட்கேஸ் வடிவப் பிளேயர்களில் செராமிக் பிக்கப் ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தும், நல்ல தட்டை அதில் ஓட்ட வேண்டாம். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் போன்றவை தொடக்கத்துக்குப் போதும். ஃபோனோ பிரீஆம்ப் (முள்ளிலிருந்து வரும் மெல்லிய சைகையைப் பெருக்கும் பகுதி) உள்ளேயே இருப்பதால் எந்த ஆம்ப்ளிஃபயரிலும் செருகலாம். அதில் 33⅓, 45 மட்டுமே, 78 கிடையாது. 78 ஓட்ட வேகமும் வேண்டும், முள்ளும் வேறு வேண்டும்: எல்.பி. முள்ளின் நுனி 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78க்கு 3 மில். மெல்லிய முள் அகலக் காடியின் அடியில் கிடந்து உரசும். முள்ளை 300 முதல் 500 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். கைச்சாவி கிராமஃபோன் என்றால் இரும்பு முள் ஒரு பக்கத்துக்கு ஒன்று. அடுத்த பக்கத்துக்குப் புதிது.

மீதித் தட்டுகள்

நிறுத்தியே வையுங்கள், படுக்கையாக அடுக்காதீர்கள். அடியில் உள்ளது வளையும், மேலே உள்ள தட்டின் வட்டம் உறையில் பதியும். நூறு எல்.பி. இருபது கிலோவைத் தாண்டும். மெல்லிய பிளைவுட் பலகை நடுவில் தொய்ந்துவிடும். இரண்டு அடிக்கு ஒரு தடுப்பு இருக்கட்டும். விரல் நுழைந்து ஒன்றை எளிதாக உருவும் அளவுக்கு இடம் விடுங்கள். கீழ்ப்பலகை தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருந்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

வெளி உறைக்கு 13 அங்குலச் சதுர பாலிப்ரொப்பிலீன் கவர். துணிப் பொட்டலத்துக்குக் கவர் விற்கும் மொத்தக் கடைகளில் பிபி கவர் என்று கேட்டால் தருவார்கள். பிவிசி கவர் வேண்டாம். நாளடைவில் அதிலிருந்து கசியும் எண்ணெய் தட்டின்மேல் பனி படிந்ததுபோல் மங்கலாக்கும். கவரின் வாயை ஒட்டி மூடாமல் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். அந்துருண்டையை அலமாரிக்குள் போடாதீர்கள்.

ஒரு நோட்டில் பதிவு எண், எங்கே வாங்கியது, உறையில் உள்ள முத்திரை, யார் பெயர் எழுதியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். உறைக்குள் சீட்டு வைத்தால் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பரவும். ஐப்பசி அடைமழை பிடித்ததும் வாரம் ஒருமுறை அலமாரியைத் திறந்து நாலைந்து உறைகளை உருவி மோந்து பாருங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.